பி பக்கம் என்றால் என்ன? மூன்று முறை தட்டின் பின்புறம் வந்த 'ஹூஸ் லவின் யூ' என்ற சோல் பாலட்டை வைத்து ஒரு விளக்கம்

பழைய அமெரிக்கப் பாட்டுகளைப் பற்றிப் படிக்கும்போது "இது இன்ன ஹிட் பாட்டின் பி பக்கமாக வந்தது" என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். போனில் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது என்ன பக்கம் என்று புரியாது. கேசட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டவர்களுக்குப் பாதி புரியும். ஆனால் கேசட்டின் பி பக்கமும் சிங்கிள் தட்டின் பி பக்கமும் ஒன்றல்ல. கேசட்டில் அது மீதிப் பாட்டுகள் இருக்கும் இடம். சிங்கிளில் அதற்கென்று தனி வேலை, தனிக் கணக்கு, தனி அரசியல் எல்லாம் உண்டு.

சிங்கிள் என்பது ஏழு அங்குல விட்டமுள்ள சின்னத் தட்டு. நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும். அதனால் அமெரிக்காவில் அதை வெறுமனே "45" என்றே சொல்வார்கள். ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949-ல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, மொத்தம் இரண்டே பாட்டு. எது ஓடும் என்று கம்பெனி நம்புகிறதோ அது ஏ பக்கம். ரேடியோவுக்கு அனுப்புவதும் விளம்பரம் செய்வதும் அதைத்தான். மற்றது பி பக்கம்.

நம் ஊர் வீடுகளில் இருந்த ஏழு அங்குலத் தட்டுகளை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே குழம்பலாம். தமிழ் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் ஈ.பி. வடிவில் வந்தன. வேகம் அதே 45தான், ஆனால் ஒரு தட்டில் மூன்று நான்கு பாட்டு இருக்கும். எல்லாமே ஒரே படத்தின் பாட்டுகள், எல்லாமே முன்வரிசை. அதனால் "இது முக்கியம், அது துணை" என்ற பிரிவினை நம் ரசிகர்களுக்குப் பெரிதாகப் பழக்கமில்லை.

பின்புறம் எதற்கு?

ஆரம்பகாலத் தட்டுகளில் ஒரு பக்கம்தான் பாட்டு, மறுபக்கம் வெறுமை. ஜெர்மனியின் ஓடியான் நிறுவனம் 1904-ல் இரண்டு பக்கத் தட்டுகளை விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் கொலம்பியா 1908-ல் அதையே வழக்கமாக்கியது. அதன்பின் காசு கொடுத்து வாங்குபவர் மறுபக்கத்தை வெறுமையாக ஏற்கமாட்டார் என்றாகிவிட்டது. தயாரிப்புச் செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அச்சு எந்திரத்தில் மேலே ஒரு ஸ்டாம்பர் (பாட்டின் பள்ளங்களைப் பதிக்கும் உலோக அச்சு), கீழே ஒரு ஸ்டாம்பர். நடுவில் சூடான பிளாஸ்டிக் உருண்டை, இருபுறமும் காகித லேபிள். ஒரே அழுத்தில் இரண்டு பக்கமும் விழுந்துவிடும். பி பக்கத்துக்குக் கூடுதலாக ஆவது அந்த ஒரு ஸ்டாம்பரும், பாட்டைப் பதிவு செய்த செலவும்தான்.

பி பக்கம் இல்லாவிட்டால் தட்டே இல்லை என்பதற்கு நல்ல உதாரணம் சோல் பாடகி அரேதா ஃபிராங்க்ளின். 1967 ஜனவரி 24 அன்று அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊரில் ஃபேம் ஸ்டுடியோவில் 'ஐ நெவர் லவ்டு எ மேன்' பாட்டைப் பதிவு செய்து முடித்தார். இரண்டாவதாக 'டூ ரைட் உமன், டூ ரைட் மேன்' என்ற பாலட்டை, அதாவது மெதுவான காதல் பாட்டை, எடுத்துக்கொண்டார்கள். பின்னணி இசை மட்டும் பதிவான நிலையில் சண்டை மூண்டு ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிட்டார்கள். அட்லாண்டிக் கம்பெனியின் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் முதல் பாட்டின் மாதிரித் தட்டை ரேடியோக்காரர்களிடம் கொடுத்தார். அது ஒலிபரப்பாகிக் கடைகளிலிருந்து ஆர்டர் வரத் தொடங்கியது. ஆனால் விற்கத் தட்டு இல்லை. காரணம், மறுபக்கத்துக்குப் பாட்டு இல்லை. பிறகு நியூயார்க்கில் அரேதாவும் அவருடைய சகோதரிகளும் பாடி அந்தப் பாலட்டை முடித்துக் கொடுத்தார்கள். பிப்ரவரியில் தட்டு வந்தது. ஏ பக்கம் ரிதம் அண்ட் ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களின் ஜனரஞ்சக இசை) பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. அவசரமாக முடித்த பி பக்கமும் அதே பட்டியலில் 37-ஆம் இடம்வரை போனது.

நாருக்கும் பூவின் விலை

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். சிங்கிள் வியாபாரத்தில் நாருக்கு மணம் மட்டுமல்ல, பூவுக்குக் கிடைத்த அதே விலையும் கிடைத்தது. புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் இடம் இதுதான், நிறைய விஷயங்களுக்கு இதில்தான் விடை இருக்கிறது.

அமெரிக்காவில் 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு தட்டிலும் உள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் உரிமையாளருக்கு 2 சென்ட் சேரவேண்டும். 1978-ல் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இந்தத் தொகை மாறவே இல்லை. பேரம் பேசிக் குறைத்துக்கொள்வதும் நடந்தது, ஆனால் அடிப்படை இதுதான். சட்டம் ஏ பக்கம், பி பக்கம் என்று பார்ப்பதில்லை. பத்து லட்சம் தட்டு விற்றால் ஏ பக்கப் பாட்டுக்கு 20,000 டாலர், யாரும் திருப்பிப் போடாவிட்டாலும் பி பக்கப் பாட்டுக்கும் 20,000 டாலர். வழக்கமாக இதில் பாதி, பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பு நிறுவனத்துக்கு, பாதி எழுதியவருக்கு.

அதனால் கம்பெனி முதலாளிகள் பி பக்கத்துக்குத் தங்கள் பதிப்பு நிறுவனத்திடம் இருக்கும் பாட்டையே தேடுவார்கள். டெட்ராய்ட் நகரத்து மோடவுன் கம்பெனியின் முதலாளி பெர்ரி கோர்டி இதில் கெட்டிக்காரர். ஜோபெட் என்பது அவருடைய பதிப்பு நிறுவனம். ஜாய், பெர்ரி, டெர்ரி என்ற தன் மூன்று பிள்ளைகளின் பெயர்களிலிருந்து கோத்த பெயர் அது. மோடவுன் பாடகர்கள் பாடுவது பெரும்பாலும் ஜோபெட் பாட்டுகள். ஒரு பாட்டை ஒருவர் பாடி வந்த பிறகு, சில வருடம் கழித்து இன்னொரு குழுவைப் பாடவைத்து வேறொரு தட்டின் பின்புறம் வைப்பார்கள். சரக்கு பழையது, ஆனால் வரவு புதிது.

ரேடியோக்காரர் திருப்பிப் போட்டால்

அமெரிக்க லேபிள்களில் பல சமயம் ஏ, பி என்ற எழுத்தே அச்சாகியிருக்காது. இரண்டு பக்கத்திலும் கேட்டலாக் எண் ஒன்றுதான். ரேடியோ நிலையங்களுக்கு இலவசமாக அனுப்பும் பிரதியில் எதைப் போடவேண்டும் என்று குறித்திருப்பார்கள். பிரிட்டனில் இன்னும் வெளிப்படை: ரேடியோ பிரதிகளில் ஏ என்ற எழுத்தைப் பெரிதாக அச்சடித்திருப்பார்கள்.

அப்படியிருந்தும் அறிவிப்பாளர் திருப்பிப் போட்டுப் பார்ப்பார். பின்புறம் பிடித்துப்போனால் கதை மாறும். ஓடிஸ் ரெடிங்கின் முதல் வெற்றிப் பாட்டான 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' 1962-ல் 'ஹே ஹே பேபி' என்ற துள்ளல் பாட்டின் பி பக்கமாகத்தான் வந்தது. ஏ பக்கத்தை இன்று யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. பில் விதர்ஸின் 'எய்ன்ட் நோ சன்ஷைன்' 1971-ல் 'ஹார்லம்' பாட்டுக்குப் பின்புறம்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கம்பெனிக்கு இதில் ஓர் ஆபத்து. பாதி ஊர்களில் ஏ பக்கமும் பாதி ஊர்களில் பி பக்கமும் ஓடினால் கவனம் பிளந்துபோகும். பில்போர்டு பத்திரிகையின் அன்றைய ஹிட் பட்டியலில் இரண்டு பக்கங்களும் தனித்தனியாகவே இடம்பிடிக்கும். எனவே இரண்டுமே நடுவில் தொங்கிவிடலாம். 1969 நவம்பர் 29 தேதியிட்ட பட்டியலிலிருந்துதான் இரண்டு பக்கமும் ஓடும் தட்டை ஒரே வரிசையில் சேர்த்துப் போட ஆரம்பித்தார்கள். இந்தப் பிளவைத் தவிர்க்க, ஃபில் ஸ்பெக்டர் போன்ற தயாரிப்பாளர்கள் பி பக்கத்தில் பாட்டே இல்லாத, வேண்டுமென்றே சுமாரான வாத்திய இசையை வைத்தார்கள். திருப்பிப் போட்டவர் உடனே மறுபடி திருப்பிவிடுவார்.

இன்னொரு வழி, இரண்டு பக்கத்துக்கும் குணத்தை மாற்றுவது. முன்புறம் வேகப்பாட்டு, பின்புறம் மெதுவான பாலட். பகல் நேர ரேடியோவுக்கு வேகம் பிடிக்கும், எனவே குழப்பம் வராது. ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் கேட்ட பாட்டைப் போடும் எந்திரம்) வைத்த கடைகளுக்கும் இது தோதானது. சீபர்க் கம்பெனி 1950-ல் கொண்டுவந்த எம்100பி எந்திரத்தில் 50 தட்டு, இரண்டு பக்கமும் சேர்த்து 100 பாட்டு. ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். முகப்பில் செருகும் சின்னச் சீட்டில் மேலே ஏ பக்கத் தலைப்பு, கீழே பி பக்கத் தலைப்பு, நடுவில் பாடகர் பெயர். மேல் வரி ஆடுவதற்கு, கீழ் வரி ஜோடி சேர்ந்து மெதுவாக அசைவதற்கு. பி பக்கமும் இங்கே தனியாகக் காசு சம்பாதித்தது.

சோல் பாலட்டை எப்படி அடையாளம் காண்பது

பாலட் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் கதைப்பாட்டு. இங்கே அந்தப் பொருள் வேண்டாம். மெதுவான, மனம் உருகும் காதல் பாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். சோல் என்பது கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டான காஸ்பலும் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்து 1950-களின் இறுதியில் உருவான பாணி. கடவுளை நோக்கிய மன்றாட்டு காதலியை நோக்கித் திரும்பினால் சோல் பாலட்.

தாளத்தில்தான் முதலில் பிடிபடும். இந்தப் பாட்டுகளில் மிகப் பல, மேற்கத்தியர்கள் 12/8 என்று எழுதும் கணக்கில் போகும். அதைக் கண்டு மிரளவேண்டாம். மேசையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிதானமாகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் "தகிட" என்று ஒருமுறை சொல்லுங்கள். தகிட தகிட தகிட தகிட, மொத்தம் பன்னிரண்டு. அவ்வளவுதான். திஸ்ர நடை தெரிந்தவர்களுக்கு இது வீட்டுச் சங்கதி. தவறு எங்கே வரும் என்றால், பாட்டு மெதுவாகப் போவதால் சிலர் "தகதிமி" போட்டு நான்காகப் பிரிப்பார்கள். இரண்டாவது அடியிலேயே பியானோவோடு மோதும். பியானோவோ கிட்டாரோ அந்த மூன்று சிறு அடிகளை விடாமல் வாசித்துக்கொண்டிருப்பதைக் கேட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்தது குரல். ஓர் அசையை எடுத்துப் பல சுரங்களில் இழுப்பார்கள். நம் ஊரில் பிருகா என்போமே, அந்த வேலை. ஆனால் அச்சு அசல் அதுவல்ல. கர்நாடக இசையில் சங்கதியும் கமகமும் ராகத்தின் எல்லைக்குள் நிற்கும். காஸ்பல் இழுப்பில் அழுகைக்கும் கூச்சலுக்கும் நடுவில் குரல் உடைவதுகூட அழகுதான். பின்னணிக் குரல்கள் முதன்மைக் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், தேவாலயத்தில் பிரசங்கியாருக்குச் சபை பதில் சொல்வதுபோல.

'ஹூஸ் லவின் யூ'

இதையெல்லாம் ஒரே பாட்டில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்மோக்கி ராபின்சன் எழுதிய 'ஹூஸ் லவின் யூ' போதும். பொருள் எளிது. உன்னை வைத்திருந்தபோது மோசமாக நடத்தினேன், நீ போய்விட்டாய், இப்போது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், உன்னை யார் நேசிக்கிறார்களோ என்று யோசித்தபடி. கோபம் இல்லை, எதிராளி மேல் பொறாமைகூடப் பெரிதாக இல்லை. தப்பு தன்னுடையது என்று தெரிந்தவனின் புலம்பல்.

முதல் வருகை 1960. ராபின்சனுக்கு வயது இருபது. அவருடைய குழுவான தி மிராக்கிள்ஸ் 'ஷாப் அரவுண்ட்' என்ற பாட்டைப் பதிவு செய்தது. தட்டு கடைக்கு வந்த பிறகு வேகம் போதவில்லை என்று கோர்டிக்கு உறக்கம் வரவில்லை. நடு இரவில் குழுவை அழைத்துப் புதிதாகப் பதிவு செய்ததும், பியானோக்காரர் வராததால் கோர்டியே வாசித்ததும் மோடவுன் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் சம்பவம். அந்தத் தட்டு பில்போர்டின் பொதுப் பட்டியலான ஹாட் 100-ல் இரண்டாம் இடமும் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடமும் பிடித்தது. மோடவுனின் முதல் பத்து லட்சத் தட்டு அதுதான். அதன் பின்புறம் 'ஹூஸ் லவின் யூ'. மேலே சொன்ன 2 சென்ட் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். 'ஷாப் அரவுண்ட்' ராபின்சனும் கோர்டியும் சேர்ந்து எழுதியது. பின்புறப் பாட்டு ராபின்சன் தனியாக எழுதியது. அதாவது எழுத்தாளர் பங்கில் ராபின்சனுக்குப் பின்புறத்திலிருந்து வரவேண்டியது முன்புறத்தைவிட அதிகம்!

இரண்டாவது வருகை 1961. இன்னும் புகழ்பெறாத சுப்ரீம்ஸ் குழுவின் 'பட்டர்டு பாப்கார்ன்' தட்டில், அதுவும் பி பக்கமாகவே. அந்தத் தட்டு ஓடவில்லை. ஓடாத தட்டின் பின்புறத்தை யாரும் தேடுவதில்லை.

மூன்றாவது வருகைதான் உலகம் அறிந்தது. பாபி டெய்லர் என்ற பாடகர், வான்கூவர்ஸ் குழுவின் தலைவர், ஐந்து சகோதரர்களை 1968-ல் மோடவுனுக்கு அழைத்துவந்தார். ஜாக்சன் 5. டெட்ராய்டின் ஹிட்ஸ்வில் ஸ்டுடியோவில் அவர்களைப் பழைய சோல் பாட்டுகளைப் பாடவைத்துப் பதிவு செய்தார். கோர்டியோ வேறு திசையில் யோசித்தார். லாஸ் ஏஞ்சலிஸில் தி கார்ப்பரேஷன் என்ற பெயரில் ஒரு எழுத்தாளர் குழுவை உட்காரவைத்து, சிறுவர்களுக்கேற்ற துள்ளல் பாட்டாக 'ஐ வான்ட் யூ பேக்' தயாரானது. 1969 அக்டோபரில் வந்த தட்டில் முன்புறம் லாஸ் ஏஞ்சலிஸ், பின்புறம் டெட்ராய்ட். முன்புறம் கோர்டி போகவிரும்பிய இடம், பின்புறம் டெய்லர் கொண்டுவந்து சேர்த்த இடம். ஏழு அங்குலத்துக்குள் ஒரு கம்பெனி ஊர்மாறும் காட்சி தெரிகிறது. இந்தத் தட்டைப் பி பக்கத்துக்காகவே வாங்கலாம் என்பது எங்கள் கட்சி.

1970 ஜனவரி 31 அன்று 'ஐ வான்ட் யூ பேக்' ஹாட் 100-ல் முதலிடம் போனது. பிரிட்டனில் இரண்டாம் இடம். பின்புறப் பாட்டு தானாக எந்தப் பட்டியலையும் ஆட்டவில்லை, ஆனால் வாங்கிய வீடுகளிலெல்லாம் போய் உட்கார்ந்துவிட்டது. அடுத்த சிங்கிள்கள் இரண்டும் வேகப்பாட்டுகளே. நான்காவது சிங்கிளான 'ஐ'ல் பி தேர்'தான் ஜாக்சன் 5-இன் பாலட் ஒன்றை முன்புறத்துக்குக் கொண்டுவந்தது. அதுவும் முதலிடம். 1971-ல் வந்த அவர்களுடைய கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் தொகுப்பில், ஹிட்டே ஆகாத 'ஹூஸ் லவின் யூ'வும் ஹிட்டுகளோடு இடம்பெற்றது.

ஜாக்சன் 5 பதிவில் முதன்மைக் குரல் மைக்கேல் ஜாக்சனுடையது. அவன் பிறந்தது 1958 ஆகஸ்டில். தட்டு வந்தபோது வயது 11. பெண்ணை மோசமாக நடத்திவிட்டு வருந்தும் ஆணின் பாட்டை ஒரு சிறுவன் பாடினால் எடுபடுமா? 1969 டிசம்பர் 14 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைப் பாடும் முன் அவன் ஒரு சின்னக் கதை சொல்கிறான். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணைச் சந்தித்தேன், மணல் தொட்டியில் விளையாடினோம், பால் இடைவேளையில் எங்கள் காதலுக்கு வாழ்த்துச் சொன்னோம் என்று. கூட்டம் சிரிக்கிறது. சிரிப்பு அடங்கிய கையோடு பாட்டைத் தொடங்குகிறான். பொருத்தமின்மையை முதலில் கேலியாக்கிக் கரைத்துவிட்டு, குரலுக்கு வழிவிடும் தந்திரம் அது.

பாட்டின் முதல் சொல்லே 'வென்'. "போது" என்று பொருள்படும் ஒற்றை அசை. அதை அவன் உடனே விடுவதில்லை. இழுத்து, வளைத்து, இறக்கி, அதன்பிறகே "நீ என்னோடு இருந்தபோது" என்ற வாக்கியத்துக்குள் நுழைகிறான். இனிமேல் இந்தப் பாட்டைப் பாடவருபவர் யாராக இருந்தாலும் அந்த 'வென்'னை வைத்துத்தான் எடைபோடப்படுவார். 'என் வோக்' என்ற பெண்கள் குழு 1990-ல் தங்கள் 'ஹோல்டு ஆன்' பாட்டின் தொடக்கத்தில் வாத்தியமே இல்லாமல் இந்தப் பாட்டைத்தான் பாடினார்கள். 2009 ஜூலை 7 அன்று மைக்கேலின் நினைவுக் கூட்டத்தில், வேல்ஸைச் சேர்ந்த 12 வயது ஷாஹீன் ஜஃபர்கோலி பாடியதும் இதையே.

கேட்கும்போது மிராக்கிள்ஸ் பதிவை முதலில் கேளுங்கள், ஜாக்சன் 5 பதிவை அடுத்து. மாற்றிக் கேட்டால் ராபின்சன் சப்பென்று தோன்றுவார், அது அவருக்கு நியாயமல்ல. அவர் குரல் மெலிந்தது, மேல்ஸ்தாயியில் நழுவி நழுவிப் போவது. வருத்தத்தை அடக்கிப் பாடுகிறார். சிறுவனோ அடக்குவதே இல்லை. இரண்டிலும் தகிட கணக்கு ஒன்றுதான், ஒவ்வொரு சரணமும் தலைப்புச் சொற்களில் வந்து இறங்குவதும் அப்படியே. அந்த இறங்கும் இடத்தில் இருவரும் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தட்டாகவே வாங்கிக் கேட்பவர்களுக்கு

பழைய ஹிட் சிங்கிளை வாங்கும்போது ஏ பக்கத்தை மட்டும் பார்த்து விலை பேசவேண்டாம். விருந்துகளிலும் ரேடியோவிலும் தேய்ந்தது அந்தப் பக்கம். பி பக்கம் பல சமயம் புத்தம்புதிதாக இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தேய்ந்த பள்ளங்கள் சாம்பல் பூத்திருக்கும். ரேடியோவில் இருந்த தட்டு என்றால் தொடக்கப் பள்ளத்தில் மட்டும் ஒரு வளையமாகத் தேய்வு இருக்கும். பாட்டின் முதல் நொடியைச் சரியாகப் பிடிக்க அறிவிப்பாளர் ஊசியை முன்னும் பின்னும் ஓட்டியதன் வடு அது. முதல் சொல்லிலேயே உயிரிருக்கும் பாட்டுக்கு இது பெரிய இழப்பு. வினைல் அல்லாமல் ஸ்டைரீனில் வார்த்த அமெரிக்கத் தட்டுகளில் இந்தத் தேய்வு இன்னும் விரைவாக வரும்.

அமெரிக்க 45-இன் நடுத்துளை ஒன்றரை அங்குலம், அதாவது சுமார் 38 மில்லிமீட்டர். நம் டர்ன்டேபிள் கம்பியோ 7 மில்லிமீட்டர் துளைக்கானது. எனவே இடையில் வைக்க அடாப்டர் வேண்டும். தளர்வான மலிவு அடாப்டர் தட்டை மையத்திலிருந்து நகர்த்திவிடும், அது செய்யும் கோளாறைக் கீழே பார்க்கலாம். வேகப் பொத்தானை 33-லிருந்து 45-க்கு மாற்ற மறந்தால் சிறுவன் மைக்கேல் நடுத்தர வயது ஆளாகப் பாடுவான்.

பாட்டின் கடைசிப் பகுதியில் 'ச', 'ஷ' ஒலிகள் கரகரத்தால் ஊசியை மட்டும் குறைசொல்லவேண்டாம். தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள் முனைக்கு வரும்போது அது 25 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அதே அளவு ஒலியைக் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதியிருப்பதால் நுண்ணிய ஒலிகள் சிதறும். சோல் பாலட் உச்சத்துக்குப் போவது கடைசியில்தான் என்பதால் அடி அதற்குத்தான் அதிகம். ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜின் கோணத்தை அளவுகோல் வைத்துச் சரிசெய்தால் பாதி குறையும், முழுக்கப் போகாது.

மையம் விலகிய தட்டில் வேறு கோளாறு. துளை ஒரு மயிரிழை தள்ளியிருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி இறங்கும், சுருதியும் கூடவே ஆடும். வேகப்பாட்டில் அது மறைந்துபோகும், நீண்டு நிற்கும் சுரத்தில் மறையாது. ஏ பக்கம் சரியாக ஒலித்து, பி பக்கம் மட்டும் தள்ளாடினால் ஆச்சரியப்படவேண்டாம். ஒரு பக்கத்து ஸ்டாம்பர் மட்டும் விலகியிருக்கலாம், அல்லது விலகல் இரண்டிலும் இருந்து, பாலட்டில் மட்டும் காதில் விழலாம். அந்த நீண்ட 'வென்' ஆடும்போது அது பாடகரின் இழுப்பா, தட்டின் கோளாறா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நிமிடத்துக்கு 45 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றே கால் நொடிக்குச் சற்று மேல், கணக்காகச் சொன்னால் 1.33 நொடி. பாட்டு முழுக்க அந்த இடைவெளியில் சீராக ஆடினால் அது தட்டு. பாடகர் அவ்வளவு சீராக ஆடமாட்டார்.